கல்லணையிடம் கற்றவர்

ஆங்கில அகராதிகளில் 'அனிகட்' என்றொரு சொல் உண்டு. ஆற்றின் குறுக்கே கட்டப்படும் அணையை அது குறிக்கும். நம் 'அணைக்கட்டு' என்னும் சொல்லே அவ்வாறு உருமாறியது. அணை கட்டும் நுட்பத்தையும் தமிழ் மண்ணில் கற்ற ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவர் உண்டு. அவரே சர் ஆர்தர் காட்டன்.

1803இல் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1821இல் இந்தியா வந்தார். முதலாம் பர்மியப் போரிலும் பணியாற்றினார். எனினும் அவருக்கு நிலைத்த புகழைத் தந்தவை ஆற்றுப் பணிகளே.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அக்காலத்தில் நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் பாய்ந்தது. காவிரியோ மணல் மேடிட்டுத் தூர்ந்தது. தஞ்சை வயல்கள் வாடின. இதற்குத் தீர்வு காண முனைந்த காட்டன், கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையை ஆராய்ந்தார். ஆழம் அறியவியலாத மணலில் பழந்தமிழர் பெருங்கற்களை இட்டனர். அவை தம் எடையால் மெல்ல அமிழ்ந்து உறுதியான அடித்தளம் ஆயின. இந்நுட்பத்தை உணர்ந்த காட்டன், 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். காவிரி மீண்டும் நீர் பெற்றது.

அடுத்து அவர் ஆந்திர நாட்டின் கோதாவரிக் கரைக்குச் சென்றார். வெள்ளத்தாலும் பஞ்சத்தாலும் அப்பகுதி நலிந்திருந்தது. தௌலேஸ்வரத்தில் 1847இல் தொடங்கிய அணைப்பணி 1852இல் நிறைவுற்றது. நலிந்த நிலம் நெற்களஞ்சியம் ஆயிற்று. நில வரி பெருகும் என்று கருதியே கம்பெனி அரசு பணம் ஒதுக்கியது. கல் சுமந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை.

காட்டன் 1861இல் 'சர்' பட்டம் பெற்றார். பின்னர் ஜெனரல் பதவிக்கும் உயர்ந்தார். மணலில் அடித்தளம் இடும் முறையைக் கல்லணையைக் கட்டியோரிடமே கற்றோம் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். ஆளும் இனத்தைச் சேர்ந்த அதிகாரி, ஆளப்பட்ட மக்களின் முன்னோரை ஆசிரியராக ஏற்றது அரிய செயலாகும். 1899இல் அவர் மறைந்தார். தௌலேஸ்வரத்தில் இன்றுள்ள புதிய அணை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோதாவரி உழவர் அவர் சிலைக்கு மாலை சூட்டுகின்றனர். அம்மாலையில் ஒரு மலர் கல்லணையைக் கட்டிய கைகளுக்கும் உரியது அன்றோ?

சொற்பொருள்
தூர்தல் – மண் நிரம்பி ஆழம் குறைதல்
அமிழ்தல் – உள்ளே இறங்குதல்
களஞ்சியம் – தானியம் சேர்த்து வைக்கும் இடம்

வினாக்கள்
1. 'அனிகட்' என்பது எத்தமிழ்ச் சொல்லின் திரிபு?
2. மேலணை கட்ட வேண்டிய தேவை ஏன் எழுந்தது?
3. கல்லணையின் அடித்தளம் எவ்வாறு அமைக்கப்பட்டது?
4. கோதாவரி அணையின் பெருமை யார் யாரைச் சேரும்? காரணம் கூறுக.
5. நீங்கள் வாழும் ஊருக்கு எந்த ஆற்றின் நீர் வருகிறது? வீட்டுப் பெரியோரிடம் அவர்தம் சொந்த ஊர் ஆற்றைப் பற்றியும் கேட்டறிந்து ஐந்து தொடர்கள் எழுதுக.