தோளில் தவறிய ஊசி: நட்டஈடு கேட்கும் வழி

தடுப்பூசி போட்டபின் இரண்டொரு நாள் கை நோவது வழமை; அதற்கு நட்டஈடு கிடையாது. ஊசி தோள்தசைக்குள் இறங்காமல் மிக மேலே, மூட்டை ஒட்டிய நீர்ப்பையில் இறங்கினால்தான் மாதக்கணக்கில் கையை உயர்த்த முடியாமற் போகிறது. அமெரிக்கா 2017இல் இந்தக் காயத்தைத் தன் தடுப்பூசி நட்டஈட்டு அட்டவணையில் சேர்த்தது. அங்கே யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. இலங்கையில் அத்தகைய திட்டம் இல்லாததால், ஊசி போட்டவரின் கவனயீனத்தையும், அதனாலேயே தோள் கெட்டது என்பதையும் பாதிக்கப்பட்டவரே நிறுவ வேண்டும். இரண்டாவதுதான் வழக்கின் உயிர். குழந்தை வைத்திய நிபுணர் பிரியானி சொய்சாமீதான வழக்கில், அவரது கவனயீனத்துக்கும் அவரிடம் சிகிச்சை பெற்ற குழந்தையின் மரணத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே 2001இல் உயர் நீதிமன்றம் நட்டஈட்டை மறுத்தது.

ஆகவே முதல் வேலை, நோவு தொடங்கியதுமே வைத்தியரிடம் காட்டுவது. ஊசி போட்ட திகதி, எந்தக் கை, நோவு தொடங்கிய நேரம் மூன்றையும் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். 48 மணித்தியாலத்துக்குள் நோவு தொடங்கியிருக்க வேண்டும், அந்தத் தோளில் முன்பு நோவு இருந்திருக்கக் கூடாது என்பன அமெரிக்க அட்டவணையின் நிபந்தனைகள். அவை இங்கே சட்டமல்ல. ஆனாலும் நல்ல அளவுகோல். அடுத்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முறையிடுங்கள். ஸ்கான் அறிக்கையையும் எடுத்து வையுங்கள். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரிடமும் கரைவலை இழுப்பவரிடமும், “தொழிலால் தேய்ந்த தோள்தானே” என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்விதான். ஊசிக்கு முந்திய மாதங்களின் வேலை வரவுப் பதிவும், மற்றத் தோளின் ஸ்கானும் அதற்கு விடை சொல்லும்.

மூன்றாவதாக, ஊசி போட்டது யார், எந்தத் தொகுதி மருந்து என்பதை எழுத்தில் கேளுங்கள்; அரச நிலையமானால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். அரச வைத்தியசாலையானால், 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் தவறுக்கு அரசு பொறுப்பேற்கும். சட்டமா அதிபரே எதிராளி. தனியாரானால் நேரே வைத்தியசாலைமீது வழக்கிடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இப்படி வழக்கிட்டால் மக்கள் தடுப்பூசிக்கே பயப்படுவார்கள் என்பர் சிலர். வழக்கு மருந்தின்மீதல்ல, ஊசி குத்திய இடத்தின்மீது. பிழையை மூடி மறைத்தால்தான் வதந்தி வளரும். வழக்கிட இரண்டு வருடமே அவகாசம். அரசுக்கு அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் கழியாமல் வழக்குத் தாக்கல் செய்யவும் முடியாது. கடைசி மாதத்தில் சட்டத்தரணியைத் தேடுபவர், உரிமை இருந்தும் அதை இழந்துவிடுவார்.