துணியும் தகடும்: ஐந்தில் ஒரு பங்கு ஹரிக்கேன் கட்டுவது எப்படி

ஹாக்கர் ஹரிக்கேன் போர் விமானத்தின் பின்பாதி துணி. உள்ளே உலோகக் குழாய்ச் சட்டம், அதைச் சுற்றி மரவளையங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் ஓடும் மெல்லிய சட்டங்கள், எல்லாவற்றுக்கும் மேல் இழுத்துப் போர்த்தி டோப் (துணியை இறுக்கும் பூச்சு) பூசிய லினன். மூக்கிலிருந்து விமானி இருக்கை வரை தகடு. சிட்னி காம் வடிவமைத்த இந்த விமானம் 1935 நவம்பர் 6 அன்று முதன்முதலில் பறந்தபோது இறக்கைகள்கூடத் துணிதான். அலுமினியத் தகடு போர்த்திய இறக்கை பின்னால் வந்தது. பெரிய அளவு ரேடியோ கண்ட்ரோல் மாடலாக இதைக் கட்ட உட்காருகிறவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது, துணி எங்கே முடிந்து தகடு எங்கே தொடங்குகிறது என்ற அந்தக் கோட்டைத்தான். பார்ப்பவர் கண்ணுக்கு மாடல் உண்மையாகத் தெரிவதும் பொம்மையாகத் தெரிவதும் அங்கேதான் முடிவாகிறது.

முதல் பெரிய போர் விமானத்துக்கு நான் ஹரிக்கேனையே சொல்வேன். சக்கரங்கள் அகன்று நிற்கும். ஸ்பிட்ஃபயரைப் போலத் தரையில் தள்ளாடாது. இறக்கை தடிமனானது, பெரியது. நமக்கு அதோடு நெருக்கமான உறவும் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடா தளத்திலிருந்து எழுந்து எதிர்த்தவை 261-வது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள். 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் ஓட்டியதும் இதே விமானம்தான்.

ஒரே விமானம், ஒரே நாள்

மரம் வாங்கும் முன் புகைப்படம் தேடுங்கள். ‘ஹரிக்கேன்’ என்று பொதுவாக எதையும் கட்ட முடியாது. ஒரு குறிப்பிட்ட விமானம், குறிப்பிட்ட காலத்தில் இருந்த கோலம், அதைத்தான் கட்ட முடியும். மேலே சொன்ன இரண்டு களங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு இருந்தது. ஜப்பானியச் சின்னமும் சிவப்பு என்பதால் குழப்பம் வராமலிருக்கத் தென்கிழக்காசியக் களத்தில் சிவப்பை நீக்கிவிட்டார்கள்; கரு நீலம், வெளிர் நீலம் இரண்டு மட்டும் மிஞ்சின. மார்க் இரண்டு ‘பி’ வகையில் 12 இயந்திரத் துப்பாக்கிகள். ‘சி’ வகையில் இறக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 4 பீரங்கிகள். சின்னத்தை ஒரு படத்திலிருந்தும் துப்பாக்கியை இன்னொரு படத்திலிருந்தும் எடுத்தால் எந்தக் காலத்திலும் இல்லாத விமானம்தான் கிடைக்கும். தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேன் நிற்கிறது. போக முடிந்தவர்கள் போய்ப் பாருங்கள். ஆனால் அருங்காட்சியகப் பெயின்ட்டை நம்பாதீர்கள். வடிவத்தையும் மேற்பரப்பையும் மட்டும் படம் எடுங்கள்.

அளவு, பளு

உண்மை விமானத்தின் இறக்கை வீச்சு 40 அடி. ஆறில் ஒரு பங்கு எடுத்தால் சரியாக 80 அங்குலம்; ஒற்றை இறக்கை மாடல்கள் ‘ஜெயன்ட் ஸ்கேல்’ என்று எண்ணப்படுவது இந்த அளவிலிருந்துதான். நான் ஐந்தில் ஒரு பங்கைச் சொல்வேன்: வீச்சு 2.44 மீட்டர், நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். அசலில் இறக்கையின் நடுப்பகுதி உடலோடு சேர்ந்தது, தட்டையானது. வெளி இறக்கைகள் அதில் பொருந்தி, அங்கிருந்துதான் மேல்நோக்கிச் சாய்கின்றன. மாடலிலும் அதே இடத்தில் கழற்றும்படி செய்தால் சாதாரணக் காரில் ஏற்றிவிடலாம்.

இந்த அளவில் இறக்கைப் பரப்பு சுமார் 0.96 சதுர மீட்டர் வரும். முழுப் பளு 12 கிலோவுக்குள் நின்றால் விமானம் பதறாமல் இறங்கும். 14 தாண்டினால் ஒவ்வொரு தரையிறக்கமும் சோதனையாகிவிடும். சமையலறைத் தராசு ஒன்றை மேசையிலேயே வைத்துக்கொண்டு, ஒட்டும் ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் ஹரிக்கேனில் வாலுக்கு நல்ல உறுதி வேண்டும் என்று கனமான பால்சாவைப் போட்டேன். ஹரிக்கேனுக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு, இரண்டரை கிராம் ஈயம் கட்டினால்தான் சமநிலை வரும். கடைசியில் அரை கிலோ ஈயம் போட வேண்டியதாயிற்று. பறப்பதற்கு ஒரு உதவியும் செய்யாத அரை கிலோ.

எலும்புக்கூடு

வாலிலிருந்து தொடங்குங்கள். பால்சா பலகைகள் ஒன்றுபோல இருக்காது. ஒரே தடிமனில் ஒன்று மற்றொன்றைவிட இரு மடங்கு கனக்கும். எல்லாவற்றையும் நிறுத்துப் பிரித்து, மிக லேசானதை வாலுக்கும், நடுத்தரத்தை இறக்கைப் போர்வைக்கும், கனமானதை மூக்குப் பகுதிக்கும் ஒதுக்குங்கள்.

உடலின் முன்பாதிக்கு பிர்ச் பிளைவுட் வளையங்கள். எஞ்சின் பொருந்தும் தடுப்புச்சுவர் 6 மி.மீ. பிளைவுட், எபாக்சியில் ஒட்டி மூலைகளில் கட்டை கொடுத்தது. பின்பாதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீளச் சட்டங்களை வளையத்தின் வெட்டுகளில் பதிக்கும்போது, இரண்டு சட்டங்களுக்கு இடைப்பட்ட வளைய விளிம்பை 2 மி.மீ. உள்வாங்கிப் பிறை வடிவில் செதுக்கிவிட வேண்டும். செதுக்காமல் விட்டால் துணி இறுகும்போது வளையத்திலும் படும்; உடலின் குறுக்கே வரிகள் தெரியும். ஹரிக்கேனின் பின்னுடலில் அழகே அந்த நீள வரிகள் மட்டும் தனியாக ஓடுவதுதான். சட்டங்களுக்கு 5 மி.மீ. ஸ்ப்ரூஸ் போதும். ஒவ்வொன்றையும் ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்த்து, வளைந்ததை ஒதுக்குங்கள். ஒட்டும்போது இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டினால் உடல் கோணாது.

இறக்கையில் மேல் கீழ் ஸ்ப்ரூஸ் சட்டங்களுக்கு நடுவே பால்சா தடுப்புகளை நார் செங்குத்தாக வரும்படி ஒட்டுங்கள். இறக்கையின் பலம் முக்கால்வாசி அதில்தான். நுனியில் பின்விளிம்பு 2 பாகை உயர்ந்திருக்கட்டும். வேகம் குறையும்போது நுனி முதலில் தூக்குவிசை இழந்து விமானம் கவிழ்வதை அது தடுக்கும். இரண்டு இறக்கையிலும் அது ஒரே அளவா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உள்நோக்கி மடியும் சக்கரக் கால்களுக்குக் காற்றழுத்தமோ மின்மோட்டாரோ எதுவானாலும் சரி. அதைத் தாங்கும் பிளைவுட் விலாக்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பால்சா ஈரத்தைக் குடித்துக் கனக்கும், முறுக்கும். அப்போது அடித்த டோப் வெள்ளை பூத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். மரவேலையை எப்போதும் செய்யலாம். டோப்பையும் பெயின்ட்டையும் காய்ந்த நாளின் முற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துணியைத் துணியாக்குவது

இனி மேற்பரப்பு. என் மனம் அதிகம் தோய்ந்த வேலை இது.

பின்னுடல், சுக்கான், உயர்த்தி, இறக்கையின் ஏலரான் ஆகியவற்றுக்கு இஸ்திரிச் சூட்டில் ஒட்டிச் சுருங்கும் நெய்த பாலியஸ்டர் துணி. பளபளக்கும் பிளாஸ்டிக் படலம் வேண்டாம். எத்தனை பெயின்ட் அடித்தாலும் அதில் நெசவு தெரியாது. ஓரங்களை முதலில் ஒட்டி, நடுவை மெல்லச் சுருக்குங்கள். சுக்கானில் இரண்டு பக்கமும் சமமாகச் சுருக்காவிட்டால் அது வாழைமட்டை போல வளைந்து நிற்கும்.

அசலில் துணியை விலாக்களோடு நூலால் தைத்து, முடிச்சுகளின் மேல் நாடா ஒட்டியிருப்பார்கள். மாடலில் ஊசி வைத்த சிரிஞ்சில் பெவிகால் நிரப்பி, ஒவ்வொரு விலா மேலும் ஒரே இடைவெளியில் கடுகளவு புள்ளி வையுங்கள். காய்ந்ததும் அதே துணியில் பல்வெட்டுக் கத்தரியால் நறுக்கிய நாடாவை மேலே ஒட்டுங்கள். வாலுக்கு மட்டும் இரண்டு மாலை போகும். சாய்ந்த வெயிலில் அந்த முடிச்சுகள் நிழல் வீசும்போது, செலவழித்த மாலைகள் நினைவில் இருக்காது.

தகடு வரும் இடங்களில் பால்சாவை உப்புத்தாளால் இழைத்து, சதுர மீட்டருக்கு 25 கிராம் கண்ணாடி இழைத் துணியை மெல்லிய எபாக்சியில் படுக்க வையுங்கள். மிஞ்சும் எபாக்சியைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள். துணியின் கண்கள் தெரிய வேண்டும். பிறகு தகடு இணையும் கோடுகள். பென்சிலில் வரைந்து, அரை மி.மீ. அகல டேப்பை அதன்மேல் ஒட்டி, கனமான பிரைமரை இரண்டு மூன்று தடவை அடியுங்கள். டேப் வரை தேய்த்து அதை உரித்தால், அதன் இடத்தில் பள்ளக் கோடு நிற்கும். கத்தியால் கீறுவதைவிட இது எவ்வளவோ சுத்தம். ஆணித் தலைகளுக்கு, மெல்லிய பித்தளைக் குழாயின் முனையைக் கூராக்கிப் பிரைமரில் மெதுவாக அழுத்திச் சுழற்றினால் போதும். கார் பட்டறையில் செய்வது போலப் பட்டி பார்ப்பதை மூக்குப் பகுதியோடு நிறுத்துங்கள், பட்டி கனக்கும்.

விமானி அறையில் கருவிப்பலகையின் நடுவே அக்காலப் பிரிட்டிஷ் விமானங்களுக்கே உரிய ஆறு கருவிகளின் தொகுதியும், வட்டப்பிடி வைத்த கட்டுப்பாட்டுத் தண்டும், தோள்வாரும் இருந்தால் போதும். கண்ணாடிக் கூண்டை அதற்கென்று விற்கும் பசையில்தான் ஒட்ட வேண்டும். உடனடிப் பசையின் ஆவி உள்ளே படிந்து மூடுபனி போலாகிவிடும்.

நிறமும் தேய்மானமும்

புத்தகத்தில் போட்ட நிறத்தை அப்படியே அடித்தால் மாடல் இருண்டு தெரியும். இந்த மாடலை 20 மீட்டரில் பார்ப்பது அசலை 100 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நிறம் வெளிறும். ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் பத்தில் ஒரு பங்கு வெள்ளை சேருங்கள். கடைசிப் பூச்சு பெட்ரோல் தாங்கும் மங்கல் பாலியூரித்தேன். முதலில் வீண்துண்டு ஒன்றில் அடித்துப் பெட்ரோல் துணியால் துடைத்துப் பாருங்கள்.

தேய்மானம் காட்டும்போது பலர் பின்னுடல் முழுக்க வெள்ளிப் பெயின்ட்டால் உரிசல் போடுகிறார்கள். துணிக்குள்ளிருந்து உலோகம் எப்படித் தெரியும்? வெள்ளி உரிசல் தகட்டுக்கு மட்டுமே உரியது: மூக்குத் தகடுகளின் திருகு ஓரங்கள், இறக்கையின் முன்விளிம்பு, விமானி இடது பக்கமாக ஏறுவதால் தேயும் இடது இறக்கையடி. துணியில் பெயின்ட் மங்கும், அழுக்குப் படியும், ஒட்டுத்துணி போட்ட இடம் தெரியும்; அவ்வளவுதான். புகைபோக்கிகளுக்குப் பின்னால் வரும் கறையைக் கரும்பழுப்பில் தொடங்கிச் சாம்பலில் முடியுங்கள். ஒரே கருப்பாக அடித்தால் அடுப்புக்கரி பூசியது போலிருக்கும்.

உயிர் கொடுப்பதும் பறப்பதும்

எஞ்சின் 50 முதல் 60 சி.சி. பெட்ரோல். அசலின் மூவிதழ் ப்ரொப்பெல்லரை ஐந்தில் ஒரு பங்காக்கினால் சுமார் 27 அங்குலம் வரும். இந்த எஞ்சின் அதைச் சுற்றித் திணறும். பறக்க 22 அங்குல ஈரிதழ், காட்சிக்கு மூவிதழ் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். உயர்த்தியின் இரு பாதிக்கும் தனித்தனி சர்வோ, ஒவ்வொன்றும் 20 கிலோ-செ.மீ. முறுக்குவிசை. ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச். தொடர்பு அறுந்தால் எஞ்சின் வேகம் தானே குறையும்படி ஃபெயில்சேஃப். ரிமோட்டிலிருந்தே எஞ்சினை அணைக்கும் வசதி. இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் 12 கிலோ பொருளை ஆட்கள் இருக்கும் இடத்தில் பறக்கவிடக் கூடாது.

சமநிலைப் புள்ளியை இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 சதவீதத்தில் வையுங்கள். இந்தியாவில் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நீங்கள் பறக்கவிடும் இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டு, உயரத்தை 120 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பாருங்கள். பெரிய மாடல் இறக்கிப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கும். எஞ்சின் வேகத்தை மெதுவாகக் கூட்டி, வலச் சுக்கானால் நேராக வைத்து, வால் உயர்ந்த பிறகும் அவசரப்படாமல் ஓடவிடுங்கள். இறங்கும்போது எஞ்சினை முழுக்கக் குறைக்காமல், கொஞ்சம் இழுவையோடே முன்சக்கரங்களில் தொடவையுங்கள். முதல் பறப்பு ஐந்து நிமிடம் போதும். இறங்கியதும் ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினின் அதிர்வு ஒன்றிரண்டையாவது தளர்த்தியிருக்கும்.

பீரங்கிக் குழல், ஏரியல் கம்பி போன்ற உடையும் உறுப்புகளைப் பத்துப் பறப்புக்குப் பின் மாட்டலாம். ‘பி’ வகை கட்டியவர்களுக்கு ஒரு வேலை மட்டும் ஓயாது. ஈரமும் தூசியும் புகாமலிருக்கத் துப்பாக்கி வாய்களைச் சிவப்பு டோப் பூசிய துணித் துண்டால் மூடியிருப்பார்கள். சுட்டால் அது கிழிந்துவிடும். சிவப்பு டிஷ்யூ காகிதத்தில் அதைச் செய்து முன்விளிம்பில் ஒட்டுங்கள். எதிர்காற்றில் ஒன்றிரண்டு பிய்ந்து போகும். அடுத்த பறப்புக்கு முன் புதிதாக ஒட்டுங்கள். அன்று ஓடுபாதை ஓரத்தில் நின்ற ஆயுதப் பணியாளர்களும், சுட்டுத் திரும்பிய ஒவ்வொரு விமானத்துக்கும் இதைத்தான் செய்தார்கள்.