பணம் கொடுத்தவர் மீது வழக்கு நிற்குமா?

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு மசாஜ் சென்டரில் இருந்தபோது போலீஸ் ரெய்டு வந்தது. என் மீதும் விபச்சாரத் தடுப்பு வழக்குப் போட்டு, சில காகிதங்களில் கையெழுத்து வாங்கி, ஜாமீனில் விட்டார்கள். கோர்ட்டிலிருந்து இரண்டு முறை சம்மன் வந்தது; வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று போகவில்லை. பணம் கொடுத்துப் போனவரும் குற்றவாளியா? வெளிநாடுகளைப்போல இங்கும் சட்டம் வந்துவிட்டதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் சம்மனைப் பற்றிப் பேசுவோம். இரண்டு முறை போகவில்லை என்றால் அடுத்து பிடிவாரண்ட்தான். அதோடு போலீஸ்காரர் வாசலில் வந்து நிற்கும்போது, வீட்டுக்கு மறைத்தது தெருவுக்கே தெரிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். நகல் இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை, எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதும் தெரியாது. எந்தப் பிரிவில் வழக்கு என்றுகூட எழுதவில்லை. ஒரு வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நாளையே நகல் மனு போடுங்கள்.

பணம் கொடுத்ததை மட்டுமே குற்றமாக்கும் சட்டம் இங்கு இல்லை. சுவீடனில் 1999 முதல் உண்டு. இங்கே விபச்சாரத் தடுப்புச் சட்டத்துக்கு 2006-ல் வந்த திருத்த மசோதா, கடத்தப்பட்ட பெண்ணைச் சுரண்டும் நோக்கத்தோடு விடுதிக்குப் போவோரைத் தண்டிக்க முயன்றது, 2009-ல் காலாவதியானது. வாடிக்கையாளர் பயந்து ஒளிந்தால் தாங்களும் இருட்டுக்குள் தள்ளப்படுவோம் என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் அதை எதிர்த்தன. அந்தப் பயம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். வட அயர்லாந்தில் 2015-ல் சுவீடனைப் போன்ற சட்டம் வந்தது. அரசே செய்வித்து 2019-ல் வெளியான ஆய்வு, அதனால் தேவை குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது.

அதற்காக நீங்கள் தப்பிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. உங்கள் வழக்கில் முதல் கேள்வி இதுதான்: அந்தப் பெண் தன் விருப்பத்தில் இருந்த வயது வந்தவரா, கடத்திவரப்பட்டவரா? கடத்தப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ போயிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 144-ஆவது பிரிவில் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோவும் சேரும்.

இரண்டும் இல்லையென்றால் வழி உண்டு. மசாஜ் சென்டரில் பிடிபட்ட ஒருவர் மீதான வழக்கை 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் 2025-ல் கேரள உயர் நீதிமன்றம், பணம் கொடுப்பதே அந்தப் பெண்ணைத் தூண்டுவதாகும், விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு பொருந்தும் என்றது. அது இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் அரசுத் தரப்பு எடுத்துக்காட்டும். அதே சட்டத்தின் 7-ஆவது பிரிவு போட்டிருந்தால் பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் பாருங்கள். கோயிலோ பள்ளியோ மருத்துவமனையோ 200 மீட்டருக்குள் இருந்தால், போனவருக்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு.

ஆவணங்களோடு குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். இந்தப் பதிலை மட்டும் நம்பி எதுவும் செய்யாதீர்கள். வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அந்தப் பெண்ணைத் தேடிப்போய்ப் பேசவே வேண்டாம். அவர் ஏற்கெனவே பட்டது போதும். சாட்சியைக் கலைத்ததாகச் சொல்லி உங்கள் ஜாமீனையும் ரத்து செய்துவிடுவார்கள்.