ஏரிக்கரை வழியே மிதிவண்டி

மிதிவண்டிப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தையும் வேகத்தையும் பற்றியே எழுதுகிறார்கள். ஆனால் நம் கல்லூரிக்கு நாள்தோறும் மிதிவண்டியில் வந்து போகும் மாணவர்களைக் கேட்டால், அவர்கள் கவலை வேறு. முதுகுக்குப் பின்னால் லாரியின் ஒலிப்பான் கேளாத பாதை எங்கே கிடைக்கும் என்பதே அது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் வந்து செல்லும் எனக்கும் அதே கவலைதான். இதற்கு விடை தேடியபோது, மத்தியதரைக் கடல் நாட்டவர் கண்ட விடையும், நம் முன்னோர் புதுவையைச் சுற்றி நமக்கு விட்டுச் சென்ற விடையும் ஏறத்தாழ ஒன்றே எனத் தெரிந்தது. அதனைச் சக மாணவர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் பிரான்சு நாட்டைப் பார்ப்போம். அதன் தென்பகுதியில், துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துச் செத் துறைமுகம் வரை 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் செல்கிறது. பியேர் போல் ரிக்கே என்பவரின் திட்டப்படி 1666-இல் தொடங்கி 1681-இல் முடிக்கப்பட்டது. அதன் பெயர் ‘கனால் துய் மிதி’. ‘மிதி’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நண்பகல் என்றும் தென்னாடு என்றும் பொருள். மிதிவண்டிக்கும் அதற்கும் சொல்லுறவு எதுவும் இல்லை என்றாலும், புதுவையில் பிரெஞ்சு பயில்கிறவர்களுக்கு அந்தப் பெயர் சிரிப்பை வரவழைக்காமல் இராது! அக்காலத்தில் படகுகளைக் குதிரைகள் இழுத்துச் செல்வதற்காகக் கரையோரம் ஒரு தடம் அமைத்தார்கள். படகை இழுக்கும் குதிரைகள் மறைந்துவிட்டன, தடம் நிலைத்தது. இன்று பல பகுதிகளில் அத்தடமே மிதிவண்டிப் பாதை. கரையைப் பிடித்து நிற்கவும் நிழல் தரவும் நடப்பட்ட பிளேன் மரங்கள் சுமார் 42,000. 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் அவற்றைத் தாக்கியதால் ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டு, வேறு வகை மரங்களை நட்டு வருகிறார்கள்.

ஸ்பெயின் நாட்டில் கால்வாய்க்குப் பதிலாக ரயில் பாதை. வண்டி ஓடாமல் கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளின் தண்டவாளங்களை அகற்றி, நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் உரிய ‘பசுமை வழி’களாக மாற்றும் திட்டத்தை 1993-இல் தொடங்கினார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘எண்ணெய் வழி’. ஆலிவ் எண்ணெய் ஏற்றிய ரயில் போன தடம் அது. இன்றும் ஆலிவ் தோப்புகளின் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது. இத்தாலியின் லிகூரியாக் கடற்கரையில் ரயில் பாதையை மலைப்பக்கம் மாற்றியபோது, கடலோரத்துப் பழைய தடம் 24 கிலோமீட்டர் மிதிவண்டிக்குக் கிடைத்தது.

இவையெல்லாம் ஏன் மிதிவண்டிக்கு இவ்வளவு பொருந்துகின்றன? காரணம் எளிது. ரயில் செங்குத்தாக ஏறாது. நூறு அடிக்கு இரண்டு மூன்று அடி ஏற்றம் என்றாலே இஞ்சின் திணறும். ஆகவே மலையைக் குடைந்தும் பள்ளத்தில் பாலம் கட்டியும் தடத்தைச் சமமாக்கினார்கள். கால்வாய் நீரோ சமமாகத்தான் நிற்கும். அதன் கரையும் அப்படியே. ரயிலுக்காகவும் படகுக்காகவும் செய்த வேலையின் பயனை, மிதிக்கும் கால்கள் இன்று அனுபவிக்கின்றன.

அந்நாடுகளுக்கும் நமக்கும் தொடர்பு புதிதன்று. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியில் செய்த மட்கலங்களும், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் வந்த சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய சாடியை வாங்கிய நாம், இன்று அவர்களுடைய பாதையைப் பார்த்து ஏங்க வேண்டுமா என்பதே என் கேள்வி. நம்மிடம் ஏரிக்கரை இருக்கிறது.

புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு என்பது அரசுக் கணக்கு. ஏரியின் கரை எப்படி அமைகிறது என்று எண்ணிப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேல் ஒரே உயரமாகக் கரை இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்தால் வெள்ளக் காலத்தில் அங்கேதான் உடையும். எனவே நம் ஏரிக்கரையின் தலைப்பும், பிரெஞ்சுக் கால்வாயின் தடத்தைப் போலவே, மேடு பள்ளம் இல்லாத ஒரு நெடுந்தடம். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் நெல். குறுக்கே சாலை வெட்டுவதில்லை. பனை வரிசை வேரால் கரையைக் கட்டிப் பிடித்திருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளை ஒருத்தி அரைப்பெடல் போட்டுப் பழகினாலும் பெற்றோருக்கு அச்சமில்லை. கலிங்கல் வரும் இடத்தில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டும்.

இவற்றுள் பெரியது ஊசுட்டேரி. சுமார் 800 ஹெக்டேர் பரப்புடைய இதற்குச் சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வந்து சேர்கிறது. ஏரியின் ஒரு பாதி புதுவையில், மறுபாதி தமிழகத்தில். 2008-இல் புதுவை அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் போனால் நாமக்கோழிகளையும் தாராக்களையும் காணலாம். மணி அடிக்காமல் செல்வது நல்லது. பறவைகள் நமக்கு வழிவிட வேண்டியவை அல்ல. ஏரியின் ஒரு பக்கத்தில் வழுதாவூர்ச் சாலை ஒட்டிச் செல்கிறது. அங்கே பேருந்தும் லாரியும் ஓயாது. தார்ச் சாலைக்கும் மண் கரைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஏரியில், ஒரே காலைப் பொழுதில் அறியலாம்.

தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் பாகூர். பரப்பில் ஊசுட்டேரிக்கு அடுத்தது பாகூர் ஏரி. தென்பெண்ணை நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே இங்கு வருகிறது. வரலாற்று மாணவனாகிய எனக்கு இவ்வூரின் மேல் தனிப் பற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள், இவ்வூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைச் சொல்கின்றன. கல்லூரி மாணவர் பயணம் போவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது? சோழர் காலத்து மூலநாதர் கோயிலின் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம். ஆனால் பாகூர் போய்ச் சேர்வதற்குள் கடலூர்ச் சாலையில் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

கடற்கரையைச் சொல்லாமல் விடலாகாது. மணலில் மிதிவண்டி ஓடாது; கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ கார்களின் வேகம் அஞ்சத்தக்கது. நகருக்குள் கூபேர் சாலையில் மட்டும் மாலை முதல் மறுநாள் காலை வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை உண்டு. அதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்தான். மேலும் அது நடப்பவர்களின் இடம்; வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை.

புறப்பட விரும்புவோர்க்குச் சில சொற்கள். விடியலில் மேற்கே கிளம்பி, பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால், நகரை நோக்கி வருகிறவன் எதிர்க்காற்றை மிதித்தே களைத்துவிடுவான். ஐப்பசி, கார்த்திகையில் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். மழை விட்டு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். சீமைக் கருவேல முள்ளுக்கு எந்த டயரும் தப்பாது. பஞ்சர் ஒட்டும் பசையும் காற்றுப் பம்பும் இல்லாமல் போகாதீர்கள்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஏரிக்கரைக்குத் தார் போட்டால் ஊருக்கு முன்னேற்றம் என்று கருதுவோர் பலர். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை; அறுவடை நெல்லை ஏற்றிச் செல்ல வழி வேண்டும். ஆனால் அதற்குக் கரையின் அடிவாரம் போதும். தலைப்பில் தார் விழுந்தால் மறுமாதமே டிப்பர் லாரி வரும். பளு தாங்காமல் கரை அமுங்கும். அமுங்கிய இடம் அடுத்த மழையில் என்னவாகும் என்பதை உழவர்களைக் கேளுங்கள். ஸ்பெயின் நாட்டுப் பசுமை வழிகள் பலவற்றின் நுழைவாயிலில் கார் புகாதபடி குறுக்கே தூண் நட்டிருக்கிறார்கள். மிதிவண்டி நுழையும், மாடு நுழையும், கார் நுழையாது. நம் கரைகளுக்கும் அப்படி இரண்டு கல் நட்டால் போதும், பெரிய செலவில்லை.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமை இவ்வாண்டு ஏதேனும் ஓர் ஏரிக்கரையில் நடத்தலாம் எனப் பேராசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன். சீமைக் கருவேலத்தை வெட்டி எடுத்த இடத்தில் பனங்கொட்டை ஊன்ற வேண்டும். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். அதை ஊன்ற அடைமழைக்கு முந்தைய நாள்களே ஏற்றவை. கொட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக் கொண்டுவர மிதிவண்டியின் பின்இருக்கை போதும்.