4ஜி போன்தான், ஆனால் 4ஜி வரவில்லை! ஏன்?

எங்கள் ஊர் எப்போதும்வென்றான். மதுரை - தூத்துக்குடி சாலையில், எட்டயபுரத்திற்குத் தெற்கே உள்ளது. பெயரில் வெற்றி இருக்கும் ஊரில், ஒரு போனிடம் நான் தோற்ற கதையைச் சொல்கிறேன். உங்களுக்கு இது பாடமாக இருக்கட்டும்.

2021-இல் அத்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்மார்ட்போன் கொண்டு வந்து கொடுத்தார். கோவில்பட்டியில் சிம் போட்டுப் பார்த்தபோது 4ஜி நன்றாக வந்தது. எங்கள் வீடு ஊரை விட்டுத் தள்ளி, உளுந்துக் காட்டை ஒட்டி இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இந்தப் போனின் ஹாட்ஸ்பாட் வழியாகத்தான்.

தங்கையின் அரசுத் தேர்வு விண்ணப்பத்திற்கு அன்று கடைசி நாள். இரவு ஒன்பது மணி. போனில் 4ஜி இல்லை. 2ஜிக்கான எட்ஜ் அடையாளம்தான் நின்றது. போட்டோ அப்லோட் ஆகவே இல்லை. தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். அவரிடமும் அதே கம்பெனி சிம்தான். அவருடைய விலை குறைந்த போனில் 4ஜி இருந்தது! என் சிம்மை அவர் போனில் போட்டோம், 4ஜி வந்தது. அவர் சிம்மை என் போனில் போட்டோம், எட்ஜ்தான். ஆக, குறை சிம்மிலும் இல்லை, டவரிலும் இல்லை. என் போனில்தான். அவருடைய ஹாட்ஸ்பாட்டில் பத்தரை மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

காரணம் என்ன?

எப்.எம். மட்டும் உள்ள ரேடியோவில் மீடியம் வேவ் நிலையங்கள் வருமா? வராது. போனும் அப்படித்தான். 4ஜி என்பது ஒரே அலைவரிசை அல்ல. பல அலைவரிசைகளில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பேண்ட் என்று ஓர் எண் உண்டு. அந்த பேண்ட் போனில் இருந்தால்தான் சிக்னல் கிடைக்கும்.

இந்தியாவில் 1800 (பேண்ட் 3), 2100 (பேண்ட் 1), 2300 (பேண்ட் 40) மெகாஹெர்ட்ஸ் ஆகியவை அதிக டேட்டாவைத் தாங்கும். ஆனால் அதிக தூரம் போகாது. 700 (பேண்ட் 28), 850 (பேண்ட் 5), 900 (பேண்ட் 8) ஆகியவை தூரம் போகும். சுவரையும் எளிதில் தாண்டும். டவர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் கரிசல் காட்டில் நமக்குக் கை கொடுப்பவை இவைதான். 4ஜிக்கு ஜியோ 850-ஐயும், ஏர்டெல், வி.ஐ. ஆகியவை 900-ஐயும், பி.எஸ்.என்.எல். 700-ஐயும் பயன்படுத்துகின்றன. என் போனில் பேண்ட் 8 இல்லை. டவர்கள் நெருக்கமாக உள்ள டவுனில் அந்தக் குறை தெரியவில்லை; காட்டில் தெரிந்துவிட்டது.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

1. போனின் செட்டிங்ஸில் அபவுட் போன் பகுதிக்குச் சென்று மாடல் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். போனின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு மாடல் விற்கிறார்கள்.

2. கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, அந்த எண்ணைத் தேடுங்கள். தயாரித்த கம்பெனியின் தளத்தில் 4ஜி பேண்ட் பட்டியல் இருக்கும். உங்கள் சிம் கம்பெனியின் பேண்டுகள் அதில் உள்ளனவா என்று பாருங்கள். 5ஜிக்கு என்78, என்28 ஆகியவற்றைத் தேடுங்கள்.

3. வோல்ட்டி வசதி உண்டா என்று பாருங்கள். 4ஜி வழியாகப் பேசுவதற்கான வசதி இது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவில் 2ஜியும் 3ஜியும் கிடையாது. வோல்ட்டி இல்லாத போனில் அந்த சிம்மைப் போட்டால் சாதாரணமாக டயல் செய்து பேச முடியாது.

4. வெளிநாட்டுப் போன் என்றால், அங்குள்ள கம்பெனியின் லாக் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். லாக் இருந்தால் நம் சிம்மை ஏற்காது. ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் போடும் தட்டே இல்லை, இ-சிம் மட்டும்தான்.

கையில் இருக்கும் போனில் சிக்னல் குறைகிறதா? உடனே சிம் கம்பெனியை மாற்றாதீர்கள். அதே இடத்தில் நின்று, உங்கள் சிம்மை வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். இதையும் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்பே செய்துவிடுங்கள்!