மூங்கிலுக்குள் காவல் இருக்கும் அப்பா

கேள்வி: தவளை தண்ணீரில் முட்டையிடும், தலைப்பிரட்டை நீந்தும் என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம். களக்காடு மலையில் மூங்கிலுக்குள்ளேயே குஞ்சு பொரிக்கும் தவளை இருக்கிறதாம். கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். நம்பலாமா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக நம்பலாம். ராவோர்செஸ்டிஸ் சலசோடஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். முதுகு பளீரென்ற பச்சை, தொடை சாம்பல் நீலம், கறுப்புக் கண்மணியைச் சுற்றிப் பொன்னிறத் திட்டுகள். இத்தனை அழகை வைத்துக்கொண்டு இரவில்தான் நடமாடுகிறது.

திருவிதாங்கூரில் கிடைத்த இந்தத் தவளையை 1876-ல் விலங்கியலாளர் குந்தர் விவரித்து எழுதினார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. தவளை ஆய்வாளர் எஸ்.டி.பிஜு தலைமையில் தொலைந்த தவளைகளைத் தேடியவர்கள், 2011-ல் இது உயிரோடு இருப்பதாக அறிவித்தார்கள்.

அது எங்கே முட்டையிடுகிறது என்பது 2014-ல்தான் வெளியே வந்தது. சேஷாத்ரி, குருராஜா, பிக்ஃபோர்ட் ஆகிய ஆய்வாளர்கள் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் கண்டது இது: மலையோடைக் கரைகளில் புதராக வளரும் நாணல் மூங்கிலில், இரண்டு கணுக்களுக்கு நடுவே சின்னஞ்சிறு பிளவு இருக்கும். ஆண் உடம்பை நெளித்து அதற்குள் புகுந்து, உள்ளிருந்தபடியே கூப்பிடும். பெண் வந்து ஐந்து முதல் எட்டு முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். காவலெல்லாம் அப்பாவின் பாடு. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, பொரியும்போதே கால் முளைத்த குட்டித் தவளை வெளியே வரும். அதனால் குட்டையும் வேண்டாம், ஓடையும் வேண்டாம்.

பாம்பும் எறும்பும்தான் எதிரி என்று நினைப்போம். இங்கே பெரிய ஆபத்து அதே இனத்து வேறு ஆண்கள்தான். காவல் இல்லாத முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. அப்பா நகராமல் கிடப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

முழுசாக இருக்கும் மூங்கில் இதற்கு உதவாது. பிளவு இருந்தாக வேண்டும். கூடை முடையவும் காகிதக் கூழுக்கும் இந்த மூங்கிலை வெட்டும் இடங்களில் வீடும் பிள்ளைகளும் சேர்ந்தே போய்விடும். மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

மகன் ஆர்வத்தில் மூங்கிலைப் பிளந்து பார்க்கக் கிளம்பிவிடப் போகிறார். அது புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது என்று சொல்லிவையுங்கள்.