செய்முறைக் குறிப்பு எழுதுவது எவ்வாறு?

ஊராட்சி அறிவிப்புப் பலகையிலும், உழவர்களுக்கு வழங்கப்பெறும் துண்டுப் பிரசுரங்களிலும் செய்முறைக் குறிப்புகள் பல வெளியாகின்றன. இவற்றை எழுதும் பொறுப்பு அலுவலர்களுக்கு மட்டும் உரியதன்று. குடிநீர்த் தொட்டியைத் தூய்மை செய்யும் முறையைத் தொட்டி இயக்குபவருக்கு எழுதித் தரும் ஊராட்சித் தலைவரும் இப்பணியையே செய்கிறார். எழுதியதைப் படிப்பவர் அதன்படியே செய்துவிடுவார் என்பதை எழுதுவோர் மறந்துவிடுகின்றனர். நானும் ஒருமுறை மறந்தேன்.

விரிவாக்கப் பணியில் இருந்த தொடக்க ஆண்டுகளில், நெல் விதையை உப்புக் கரைசலில் இட்டுப் பதர் நீக்கும் முறை பற்றி ஒரு பிரசுரம் எழுதினேன். விதைத் தேர்வின் இன்றியமையாமையும் அதனால் விளையும் நன்மைகளும் முன்பக்கத்தில் பாதியை நிரப்பின. கரைசலிலிருந்து எடுத்த விதையை நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்ற வரியோ பின்பக்கத்திற்குப் போய்விட்டது. ஓர் உழவர், தாள் தொலைந்துவிடக் கூடாதே என்று சோற்றுப் பருக்கை தடவி அதைச் சுவரில் ஒட்டிவைத்தார். முன்பக்கத்தைப் பார்த்து வேலை செய்தார். விதையில் உப்புத் தங்கினால் முளைப்புத் திறன் குன்றும். அவருடைய நாற்றங்கால் திட்டுத் திட்டாகவே முளைத்தது. “ஐயா, தாளில் கண்டபடிதானே செய்தேன்?” என்றார். அவர் கூறியது உண்மை. வேறு விதை வாங்கி மறுபடியும் விடுவதற்குள் அவருக்குப் பருவம் பிந்திவிட்டது.

அந்தப் பிரசுரத்தில் வேறு குறைகளும் இருந்தன. ‘உரிய அளவு உப்பு’ என்று எழுதியிருந்தேன். உரிய அளவு எது என்று அறிந்தவருக்குப் பிரசுரமே வேண்டியதில்லை. ‘25 காசு அளவிற்கு முட்டை மேலே தெரிய வேண்டும்’ என்பது வழக்கமாகக் கூறப்படும் அடையாளம். அந்த நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாததாகிவிட்டமையால், இன்றைய இளைஞர் பலர் அதைக் கையில் எடுத்தே இருக்கமாட்டார்கள். முட்டை புதியதாக இருக்க வேண்டும் என்பதையும் விட்டுவிட்டேன். நாட்பட்ட முட்டையினுள் காற்றறை பெரிதாகிவிடும்; அது வெறுந்தண்ணீரிலேயே மிதக்கும். அதை நம்பினால் உப்புப் போதாமல் பதரும் விதையோடு அடியில் தங்கும்.

நடையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ‘மிதக்கும் பதர்கள் அகற்றப்படுதல் வேண்டும்’ என்பது அலுவலகத் தமிழ். யார் அகற்றுவது என்பது அதில் இல்லை. பல வீடுகளில் பள்ளிப் பிள்ளை படிக்க, பெரியவர் கேட்டுச் செய்கிறார். ஆதலால் ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை போதும். எச்சரிக்கையானது செயலுக்கு முன்னர் வரவேண்டும். தாளின் ஒரு பக்கத்தில் முடியவேண்டும்.

எழுதி முடித்தபின் அச்சுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். அவ்வேலையை இதுவரை செய்திராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, வேண்டிய பொருள்களையும் முன்வைத்து, வாய் திறவாது உட்கார்ந்து பாருங்கள். வாய் திறவாதிருப்பதுதான் கடினம்! அவர் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். எங்கள் அலுவலகக் காவலரை இவ்வாறு செய்யச் சொன்னபோது, உப்பு முழுவதும் கரையுமுன்பே அவர் முட்டையைப் பார்த்து முடிவு செய்துவிட்டார். கரையும்வரை கலக்க வேண்டும் என்ற சொற்கள் அன்றுதான் சேர்ந்தன. அதன்பின் அப்பிரசுரம் கீழ்க்கண்டவாறு அமைந்தது:

“உப்பு நீரில் போட்ட விதையை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். அலசாவிட்டால் சரியாக முளைக்காது. அதற்கான தண்ணீரை முதலில் எடுத்து வையுங்கள். ஒரு பாத்திரத்தில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். புதிய கோழி முட்டை ஒன்றை அதில் விடுங்கள். முட்டை அடியில் கிடக்க வேண்டும். மிதந்தால் அது பழையது. வேறு முட்டை எடுங்கள். உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டு, கரையும்வரை கலக்குங்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ பிடிக்கும். முட்டை மேலே வந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு வெளியே தெரிந்தால் உப்புப் போடுவதை நிறுத்துங்கள். முட்டையை எடுத்துவிடுங்கள். விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கையால் கலக்குங்கள். மிதப்பதை அரித்து எறியுங்கள். அடியில் தங்கியதை உடனே எடுத்து, மூன்று முறை அலசுங்கள்.”